பத்தொன்பதாம் அத்தியாயத்தைக் குழந்தைகளிடமிருந்து மறைக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஏழாம் வகுப்பு மாணவர்களுக்குத் துணைவாசிப்பு நூலாகத் தரப்பட்டுள்ள 'தி கிவர்' என்ற ஆங்கில நாவலைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்றும், அது இயலாவிட்டால் அதன் 19-ஆம் அத்தியாயத்தையாவது விட்டுவிட்டு, அங்கே நடப்பதை ஓரிரு வரிகளில் சொல்லிக் கடந்துவிட வேண்டும் என்றும் ஒரு மாணவனின் தாயார் எழுதியிருந்த கடிதத்தைத் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் படித்தேன். அரசுப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். என் பேத்தியும் இதே நாவலை இந்த ஆண்டு படித்தாள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவளோடு சேர்ந்து நானும் முழுமையாகப் படித்தேன். அத்தாயாரின் கவலையை நான் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. அந்த அத்தியாயத்தைப் படித்த இரவு எனக்கும் நெடுநேரம் உறக்கம் வரவில்லை. ஆயினும் அவருடைய முதல் கோரிக்கையைவிட இரண்டாவது கோரிக்கையே அதிகத் தீங்கு செய்யும் என்று உறுதியாக நம்புவதால் இதை எழுதுகிறேன்.

நாவலைப் படித்திராத வாசகர்களுக்காகச் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அமெரிக்க எழுத்தாளர் லோயிஸ் லௌரி எழுதி 1993-இல் வெளிவந்த இந்நூல், அந்நாட்டில் சிறார் இலக்கியத்துக்கு வழங்கப்படும் நியூபெரி பதக்கத்தை 1994-இல் பெற்றது. கதை நடக்கும் ஊருக்குப் பெயர் கிடையாது. 'சமூகம்' என்று மட்டுமே அது குறிப்பிடப்படுகிறது. அங்கே பசி இல்லை, போர் இல்லை, வேலையில்லாதவர் எவரும் இல்லை. யாருக்கு யார் வாழ்க்கைத்துணை என்பதை ஒரு குழு நிதானமாக ஆராய்ந்து முடிவு செய்கிறது. ஒரு குடும்பத்துக்கு ஓர் ஆண், ஒரு பெண் என இரண்டே பிள்ளைகள். அவர்களையும் அந்தப் பெற்றோர் பெறுவதில்லை. பிள்ளை பெறுவதற்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்கள் மூன்று குழந்தைகளைப் பெற்றுத் தந்துவிட்டு, அதன் பிறகு கடும் உடலுழைப்புக்கு அனுப்பப்படுகிறார்கள். மேடு பள்ளங்கள் சமன் செய்யப்பட்டுவிட்டன. வெயிலும் பனியும் விலக்கப்பட்டுவிட்டன. நிறங்களும்கூட மனிதர் கண்ணிலிருந்து மறைந்துவிட்டன. இவை அனைத்தையும் சேர்த்து அச்சமூகம் ஒரே சொல்லால் குறிக்கிறது. தமிழில் அதை 'ஒரேதன்மை' என்று நான் பேத்திக்குச் சொன்னேன்.

ஒவ்வொரு டிசம்பரிலும் நடக்கும் விழாவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றாக வயது ஏறுகிறது. நான்கு, ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளின் மேற்சட்டைக்குப் பொத்தான்கள் முதுகுப்பக்கம் இருக்கும். ஒருவருக்கொருவர் மாட்டிவிட்டால்தான் உடுத்த முடியும். பிறரைச் சார்ந்து வாழ்வதைப் பிள்ளைகள் அப்படிக் கற்கிறார்கள். ஏழு வயதில் பொத்தான் முன்பக்கம் வருகிறது. எட்டில் சட்டைப்பை கிடைக்கிறது. தன் சிறுபொருள்களைத் தானே பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அதோடு வருகிறது. ஒன்பதில் மிதிவண்டி. பன்னிரண்டில் மூத்தோர் குழு ஒவ்வொரு பிள்ளைக்கும் உரிய தொழிலை அறிவித்துவிடுகிறது. அந்தப் பொத்தான் விவரத்தைப் படித்தபோது ஓர் ஆசிரியை என்ற முறையில் நான் மெய்யாகவே வியந்தேன். இத்தனை நுட்பமாகப் பிள்ளைகளின் வளர்ச்சியைத் திட்டமிட்ட பாடத்திட்டத்தை நான் பணிக்காலத்தில் கண்டதில்லை. முதல் சில அத்தியாயங்கள் முடிந்ததும் அந்த ஊரில் வாழ்ந்தால் நன்றாக இருக்கும் என்று என் பேத்தியே சொன்னாள். வாசகரை இப்படி அந்த ஊருக்குள் குடியேற்றிவிட்டுத்தான் நாவலாசிரியர் தன் வேலையைத் தொடங்குகிறார்.

கதையின் நாயகன் ஜோனஸுக்கு அந்த விழாவில் வழக்கமான தொழில் எதுவும் தரப்படவில்லை. உலகம் முன்பு எப்படி இருந்தது என்ற நினைவு முழுவதையும் அச்சமூகத்தில் ஒரே ஒரு முதியவர் சுமக்கிறார். அவருக்கு அடுத்து அதைச் சுமக்க ஜோனஸ் தேர்ந்தெடுக்கப்படுகிறான். முதியவர் அவன் முதுகில் கைகளை வைத்து, பனிச்சறுக்கு, வெயிலின் சூடு, எலும்பு முறிவின் வலி, போர்க்களம் என ஒவ்வொன்றாகத் தருகிறார். தன்னைத் 'தருபவர்' என்று அழைக்கச் சொல்கிறார். நூலின் பெயரும் அதுவே.

நான் இங்கே பேச விரும்புவது இந்நாவலில் சொற்கள் படும் பாட்டைப் பற்றி. நாவலின் முதல் வரியிலேயே ஜோனஸ் அஞ்சத் தொடங்குகிறான். உடனே, தன் உணர்வுக்கு 'அச்சம்' என்பது சரியான சொல்தானா என்று யோசித்து, அதைத் திருத்த முயல்கிறான். சொல் துல்லியமாக இருக்க வேண்டும் என்பது அச்சமூகத்தின் கண்டிப்பான விதி. சிறுவயதில் ஒருநாள் உணவு வேளைக்கு முன் தான் பட்டினியால் வாடுவதாக ஜோனஸ் சொன்னபோது அவனைத் தனியே அழைத்துச் சென்று திருத்துகிறார்கள்: உனக்குப் பசிக்கிறது, அவ்வளவுதான்; இச்சமூகத்தில் எவரும் பட்டினி கிடந்ததில்லை, இனிக் கிடக்கப்போவதும் இல்லை. அவனுடைய நண்பன் ஆஷர் மூன்று வயதில் 'ஸ்நாக்' என்ற சொல்லை 'ஸ்மாக்' என்று குழப்பிச் சொல்லிவிடுவான். முன்னது தின்பண்டம், பின்னது அடி. அவன் பிழையாகக் கேட்ட ஒவ்வொரு முறையும் அவன் கேட்டதையே பிரம்பால் கொடுத்தார்கள். கால்களில் தழும்பு விழுந்தது. குழந்தை சில காலம் பேசுவதையே நிறுத்திவிட்டது. பல ஆண்டுகளுக்குப் பிறகு விழா மேடையில் தலைமை மூத்தவர் இதை ஒரு வேடிக்கைக் கதையாகச் சொல்கிறார். கூட்டம் சிரிக்கிறது, ஆஷரும் சிரிக்கிறான். ஒற்றுப்பிழையும் சந்திப்பிழையும் திருத்தியே காலம் கழித்த எனக்கு இந்த இடம் மனத்தில் முள்ளாகத் தைத்தது.

இவ்வளவு துல்லியம் பார்க்கும் சமூகத்தில் ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும் பொருள் சொல்லப்படுவதே இல்லை. ஆங்கிலத்தில் 'ரிலீஸ்' என்பது அச்சொல். முதல் சில பக்கங்களிலேயே அது வந்துவிடுகிறது: வழி தவறி ஊருக்கு மேல் பறந்துவிட்ட பயிற்சி விமானி விடுவிக்கப்படுவார் என்று ஒலிபெருக்கி அறிவிக்கிறது. தேறாத குழந்தைகள் விடுவிக்கப்படுகிறார்கள். முதியோர் விடுவிக்கப்படுகிறார்கள்; அதற்கு விழா எடுக்கிறார்கள். முதியோர் இல்லத்தில் ஜோனஸ் குளிப்பாட்டிவிடும் லாரிசா என்ற மூதாட்டி, அன்று காலை ராபர்ட்டோ என்ற முதியவருக்கு நடந்த விழாவை மகிழ்ச்சியோடு விவரிக்கிறாள். அவருடைய வாழ்க்கை வரலாற்றைச் சொன்னார்கள், வாழ்த்தினார்கள், பாடினார்கள், அவர் விடைபெற்று ஒரு தனிக்கதவு வழியாகச் சென்றார். அந்தக் கதவுக்கு அப்பால் என்ன நடக்கிறது என்று ஜோனஸ் கேட்கும்போது அவளுக்கு அது தெரியவில்லை. தன் முறையும் வரவிருக்கும் ஒருத்திக்கே அது தெரியவில்லை என்பதை நாம் அந்த இடத்தில் கவனிக்காமல் கடந்துவிடுகிறோம். பின்னர் நினைத்துப் பார்க்கும்போதுதான் நடுங்குகிறது.

19-ஆம் அத்தியாயத்தில் ஜோனஸ் அந்தக் கதவுக்கு உட்புறத்தைப் பார்க்கிறான். இரட்டைக் குழந்தைகள் பிறந்தால் எடை குறைந்ததை விடுவித்துவிட வேண்டும் என்பது விதி. குழந்தை வளர்ப்பகத்தில் பணியாற்றும் அவனுடைய தந்தைதான் அன்று காலை அந்தப் பணியைச் செய்திருக்கிறார். தருபவர் அதன் ஒளிப்பதிவைத் திரையில் காட்டுகிறார். தந்தை இரண்டு குழந்தைகளையும் எடை பார்க்கிறார். சின்னக் குழந்தையோடு கொஞ்சிப் பேசிக்கொண்டே உச்சந்தலையருகே துடிக்கும் நரம்பில் ஊசி போடுகிறார். குழந்தை கை கால்களை உதைத்து அடங்குகிறது. அதை ஒரு சிறிய அட்டைப்பெட்டியில் வைத்து, சுவரிலுள்ள குப்பை வழியில் தள்ளிவிட்டு, அதே செல்லக் குரலில் விடைகொடுக்கிறார். அத்தியாயத்தின் உள்ளடக்கம் இவ்வளவுதான். இரத்தம் இல்லை, கூச்சல் இல்லை. அத்தாயார் எழுதியது போல இதில் வன்முறை இருக்கிறது. ஆனால் வன்முறையை ரசிக்கும் ஒரு சொல்கூட இதில் இல்லை.

என் பேத்தி இதைப் படித்த மாலையில் நூலை மூடிவிட்டு அடுக்களைக்கு வந்தாள். "அந்த அப்பாவுக்குத் தெரியாதா பாட்டி?" என்று கேட்டாள். கையில் இருந்த கரண்டியை வைத்துவிட்டு அவளைப் பார்த்தேன். குழந்தை இறந்துவிட்டதே என்று அவள் அழவில்லை, எப்படிக் கொன்றார்கள் என்றும் கேட்கவில்லை. செய்தவருக்குத் தெரியுமா என்பதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. இந்நாவலைப் பற்றிக் கேட்கக்கூடிய கேள்விகளில் இதைவிடக் கடினமானது இல்லை என்று நினைக்கிறேன்.

அவளுக்கு விடை சொல்ல நான் நன்னூலைத்தான் நாடினேன். எழுத்திலும் பேச்சிலும் ஒரு சொல்லை நேராகச் சொல்லாமல் தகுதி கருதி வேறு சொல்லால் சொல்வதைத் தகுதி வழக்கு என்கிறது இலக்கணம். அது இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூவகைப்படும். செத்தாரைத் 'துஞ்சினார்' என்பது மங்கலம். சுடுகாட்டை 'நன்காடு' என்பதும் அப்படியே. பொற்கொல்லர் தமக்குள் பொன்னைப் 'பறி' என்று சொல்லிக்கொள்வது குழூஉக்குறி. அக்கூட்டத்தார் அறிவார், அயலார் அறியார். மாணவர்கள் இவற்றைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுவார்கள். ஆனால் இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு உயிர்நிலையானது. 'அவர் காலமானார்' என்று நாம் சொல்லும்போது சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். தெரிந்த துயரத்தின் மீது மெல்லிய துணி ஒன்றைப் போர்த்துகிறோம்; துணிக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. குழூஉக்குறியோ ஒருவரை வெளியே நிறுத்துவதற்காகவே பிறந்தது. இந்நாவலின் 'விடுவிப்பு', மங்கலத்தின் உடையை அணிந்துகொண்ட குழூஉக்குறி. லாரிசாவுக்கும் பிள்ளைகளுக்கும் அது வாழ்த்துப் பாடி வழியனுப்பும் மங்கலச் சொல். கதவுக்கு உள்ளே நிற்கும் சிலருக்கு மட்டும் அது ஊசியையும் அட்டைப்பெட்டியையும் குறிக்கும் தொழிற்சொல்.

அந்தத் தந்தைக்குத் தெரியுமா என்ற கேள்விக்கும் இதில்தான் விடை இருக்கிறது. அவருடைய கைகளுக்குத் தெரியும். ஆனால் இறப்பு என்றால் என்ன என்ற நினைவே அந்தச் சமூகத்திலிருந்து எடுக்கப்பட்டுவிட்டதால், தாம் செய்வதற்கு அவரிடம் வேறு பெயர் இல்லை. ஜோனஸால் மட்டும் அதை அடையாளம் காண முடிந்ததற்குக் காரணம், 15-ஆம் அத்தியாயத்தில் தருபவர் அவனுக்குக் கொடுத்த போர்க்கள நினைவில் ஒரு சிறுவன் தண்ணீர் கேட்டு உயிர் விடுவதை அவன் அருகிருந்து கண்டதுதான். அங்கே கண்ட அதே அசைவின்மையை இங்கே அந்தக் குழந்தையிடம் காண்கிறான். ஓர் அத்தியாயத்தை உருவிவிட்டு மற்றவற்றைப் படிக்கலாம் என்று சொல்பவர்கள் இந்தக் கோவையைக் கவனிக்க வேண்டும்.

இந்த இடத்தில் என் குடும்பத்தின் குறை ஒன்றையும் நான் சொல்லியாக வேண்டும். என் கணவர் இறந்தபோது பேத்திக்கு நான்கு வயது. தாத்தா ஊருக்குப் போயிருக்கிறார் என்று அவளிடம் சொன்னோம். சொன்னவர்களில் நானும் ஒருத்தி. சில மாதங்கள் வரை, மாலையில் தெருமுனையில் பேருந்து நிற்கும் ஓசை கேட்டால் அவள் வாசலுக்கு ஓடுவாள். பிறகு ஓடுவதை நிறுத்திக்கொண்டாள். அவளாகவே புரிந்துகொண்டாள் என்று எண்ணி நாங்களும் அதைப் பற்றிப் பேசவில்லை. 19-ஆம் அத்தியாயம் படித்த மறுநாள் அவள் என்னிடம், "தாத்தா ஊருக்குப் போயிருக்காருன்னு நீங்களும் சொன்னீங்கதானே?" என்று கேட்டாள். அவள் குரலில் கோபம் இருக்கவில்லை. எட்டு ஆண்டுகள் கழித்து அன்றுதான் நாங்கள் இருவரும் அவள் தாத்தாவின் கடைசி நாளைப் பற்றிப் பேசினோம். மருத்துவமனையில் யார் உடனிருந்தார்கள், அவர் கடைசியாக என்ன கேட்டார் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அறியாதவரிடம் சொல்லப்படும் மங்கலம் எப்படி மாறிவிடுகிறது என்பதை நன்னூல் நடத்திய இத்தனை ஆண்டுகளில் நான் எண்ணிப் பார்த்ததில்லை.

'ரிலீஸ்' என்பதை அவளுக்குத் தமிழில் என்ன சொல் கொண்டு விளக்குவது என்று நான் முதலிலேயே தயங்கினேன். 'விடுதலை' என்று சொல்ல மனம் வரவில்லை; அச்சொல்லுக்கு நம் மொழியில் வேறு பெருமை இருக்கிறது. நான் ஓய்வு பெற்ற நாளில் என் கையில் தரப்பட்ட ஆணையில், இன்னார் இன்ன நாள் பிற்பகல் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார் என்று எழுதியிருந்தது. அந்த 'விடுவிப்பு' பொருத்தமாக இருந்தது. அலுவலகத் தாளில் எவர் கண்ணையும் உறுத்தாமல் கிடக்கும் சொல் அது. அதைச் சொல்லி விளக்கிய பின், நூலில் அச்சொல் வரும் இடங்களையெல்லாம் பென்சிலால் கோடிட்டுக்கொண்டே வந்தாள். அத்தியாயம் முடிந்ததும் முன்பக்கங்களுக்குப் போய்க் கோடிட்ட ஒவ்வோர் இடத்தையும் மீண்டும் படித்தாள். விமானியைப் பற்றிய அறிவிப்பை இரண்டு முறை படித்தாள்.

இப்போது அத்தாயாரின் இரண்டாவது கோரிக்கைக்கு வருகிறேன். அந்த அத்தியாயத்தை விட்டுவிட்டு, 'குழந்தை வேறிடத்துக்கு அனுப்பப்பட்டது' என்று ஆசிரியர் சொல்லிவிட்டால் போதும் என்கிறார் அவர். 'வேறிடம்' என்பதே நாவலில் அச்சமூகம் பயன்படுத்தும் சொல். விடுவிக்கப்பட்டவர்கள் எங்கே போகிறார்கள் என்று கேட்கும் பிள்ளைகளுக்கு அங்கே தரப்படும் விடையும் அதுதான். அதாவது, அந்த அத்தியாயத்தை அவ்வாறு சுருக்கிச் சொல்லும் ஆசிரியர், நாவலின் ஒலிபெருக்கி பேசுவதையே வகுப்பறையில் பேசியவராவார். பிள்ளைகளுக்கு அது ஒரு நல்ல ஊரின் கதையாகவே முடியும். விடுவிக்கப்படவிருக்கும் வேறொரு குழந்தையைக் காப்பாற்ற ஜோனஸ் ஏன் தன் வீட்டை விட்டு ஓடுகிறான் என்பதும் அவர்களுக்கு விளங்காது. கீழ்ப்படியாத பிள்ளை ஒன்று இரவில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியது என்று மட்டுமே நிற்கும். நூலை முழுவதுமாக விலக்கிவைத்தால் பிள்ளை அதை மூன்றாண்டுகள் கழித்துப் படிக்கலாம். பாதியைத் தந்தால் படித்துவிட்டோம் என்று நம்பிவிடும்.

இந்நூல் பெற்றோர் மீதுள்ள நம்பிக்கையைக் கெடுக்கிறது என்பது அவருடைய மற்றொரு குறை. இதற்கு விடை சொல்வது எளிதன்று. ஏனெனில் ஜோனஸின் தந்தை கொடியவராக எழுதப்பட்டிருந்தால் அத்தாயாருக்கு இந்தக் கவலையே எழுந்திருக்காது. நாவலில் வருபவர்களில் மிகக் கனிவானவர்களில் அவரும் ஒருவர். சரியாக உறங்காத, எடை ஏறாத கேப்ரியல் என்ற குழந்தை விடுவிக்கப்பட்டுவிடக் கூடாது என்று மன்றாடி ஓராண்டு அவகாசம் வாங்குகிறார். இரவுகளில் வீட்டுக்கே கொண்டுவந்து பார்த்துக்கொள்கிறார். பெயர் சொல்லி அழைத்தால் நன்றாக வளரும் என்று, விதியை மீறிப் பெயர்ப்பட்டியலை முன்கூட்டியே பார்த்துவிடுகிறார். அதே மனிதர்தான் முடிவில், கேப்ரியலையும் விடுவித்துவிடலாம் என்று மற்றவர்களோடு தானும் வாக்களித்ததை இரவு உணவின்போது சாதாரணமாகச் சொல்கிறார். மற்றொரு நாள் ஜோனஸ் தன் பெற்றோரிடம், என் மீது அன்பு இருக்கிறதா என்று கேட்கிறான். அவர்கள் சிரிக்கிறார்கள். அது மிகப் பொதுவான, வழக்கிழந்துவிட்ட சொல் என்றும், துல்லியமாகக் கேட்க வேண்டும் என்றும் திருத்துகிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, அவனை வெறுக்கவும் இல்லை. அச்சொல் குறிக்கும் பொருளை அவர்கள் கண்டதே இல்லை. இதைப் படிக்கும் பிள்ளைக்குத் தன் பெற்றோர் மீது ஐயம் பிறக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. என் பேத்தி அன்றிரவு தன் தாயின் அருகில்தான் படுத்துக்கொண்டாள்.

நாவலாசிரியர் இதைப் பொழுதுபோக்குக்காகப் புனைந்தவர் அல்லர் என்பதற்கு அவர் 1994-இல் ஆற்றிய பதக்க ஏற்புரை சான்று. அவருடைய தந்தை அமெரிக்க இராணுவத்தில் இருந்தவர். போருக்குப் பின் டோக்கியோவில் வாஷிங்டன் ஹைட்ஸ் என்ற அமெரிக்கர் குடியிருப்பில் குடும்பம் வாழ்ந்தது. வேலிக்குள்ளே அமெரிக்க வீடுகள், அமெரிக்கப் பள்ளி, அமெரிக்கத் திரையரங்கு. சிறுமி லௌரி மிதிவண்டியை எடுத்துக்கொண்டு, எவரிடமும் சொல்லாமல், வாயிலைக் கடந்து ஷிபுயா பகுதியின் தெருக்களில் திரிந்து வருவார். பிற்காலத்தில் முதுமையால் நினைவு மங்கிய தந்தையைப் பார்க்கச் சென்றபோது, இளமையிலேயே இறந்துபோன மூத்த மகள் ஹெலனின் படத்தைக் காட்டி, இவளுக்கு என்ன ஆயிற்று என்று அவர் கேட்கிறார். மகள் இறந்ததையே தந்தை மறந்திருக்கிறார். வலியை மறப்பது சுகமாகத்தான் இருக்கிறது, ஆனால் அது பாதுகாப்பானதா என்ற எண்ணம் அங்கே தோன்றியதாக அவர் சொல்கிறார். இறந்த அக்காளின் செய்தியைத் தன் தந்தைக்கே சொல்ல நேர்ந்த ஒரு மகள் எழுதிய நூல் இது. அதை மனத்தில் வைத்துக்கொண்டு 19-ஆம் அத்தியாயத்தைப் படித்தால் அதன் தொனி வேறாகக் கேட்கிறது.

நூலில் குறைகளே இல்லை என்று நான் வாதிடவில்லை. நினைவு ஒருவர் கைவழியாக மற்றவர் முதுகில் எப்படி இறங்குகிறது என்பதற்கும், நினைவைச் சுமப்பவர் எல்லையைத் தாண்டினால் அது ஊராருக்கு எப்படித் திரும்பிவிடுகிறது என்பதற்கும் ஏற்கத்தக்க விளக்கம் ஒன்றும் தரப்படவில்லை. கேள்வி கேட்கும் பிள்ளைகள் இதில் இடறுவார்கள். 2014-இல் வந்த திரைப்படத்தில் நாயகனின் வயதைக் கூட்டிவிட்டதால் கதையின் உயிரே போய்விட்டது. பன்னிரண்டு வயது என்பது இக்கதைக்கு அலங்காரம் அன்று. நாவலின் முடிவு தெளிவாக இல்லை என்று அத்தாயார் குறைபடுவது உண்மைதான். ஜோனஸும் கேப்ரியலும் பனிச்சரிவில் சறுக்கிச் செல்ல, கீழே விளக்குகளும் இசையும் தென்படுகின்றன; அவை மெய்யா, உறைந்து இறக்கும் சிறுவனின் கனவா என்பதை நூல் சொல்லவில்லை. பின்னர் எழுதப்பட்ட தொடர் நூல்களில் இதற்கு விடை கிடைக்கிறது. என் கருத்தில் அந்த விடை இல்லாமலேயே முதல் நூல் முழுமையானது. பிள்ளைகள் அதைப் பற்றித் தமக்குள் வாதாடட்டும்.

அமெரிக்காவிலும் இந்நூலைப் பள்ளிகளிலிருந்து அகற்றக் கோரிப் பெற்றோர் பலர் முறையிட்டிருக்கிறார்கள். 1990-களில் அதிக எதிர்ப்புக்குள்ளான நூல்களின் பட்டியலை அமெரிக்க நூலகச் சங்கம் தொகுத்தபோது இதுவும் அதில் இடம்பெற்றது. ஆகவே அத்தாயாரின் அச்சம் புதியதும் அன்று, இழிவானதும் அன்று. குழந்தையை வளர்ப்பவர் எவருக்கும் வரக்கூடியதே.

பள்ளிக்கு நான் வைக்கும் வேண்டுகோள் சிறியது. நூலை வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, தேர்வுக்கு இத்தனை வினாக்கள் வரும் என்று சொல்லிவிட்டு விட்டுவிடாதீர்கள். 18 முதல் 20 வரையுள்ள மூன்று அத்தியாயங்களையாவது வகுப்பில், ஆசிரியர் உடனிருக்க, உரக்கப் படியுங்கள். 18-ஆம் அத்தியாயத்தில், ஜோனஸுக்குப் பத்தாண்டுகளுக்கு முன் இதே பணிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, ஐந்தே வாரங்களில் நினைவின் வலியைத் தாங்க இயலாமல் தன்னை விடுவிக்குமாறு கேட்ட ரோஸ்மேரி என்ற சிறுமியின் கதை வருகிறது. அடுத்த இரண்டு அத்தியாயங்களையும் படித்து முடிக்கும்போது அவள் கேட்டது என்ன என்பது பிள்ளைகளுக்கு விளங்கிவிடும். அந்த இடத்தில் ஒரு பெரியவர் அருகில் இருந்தே ஆக வேண்டும். வீட்டில் அண்மையில் இறப்பைக் கண்ட பிள்ளை, மனச்சோர்வுள்ள பிள்ளை வகுப்பில் இருந்தால், அப்பிள்ளையின் பெற்றோரோடு முன்கூட்டியே பேசுவதும், தேவையானால் வேறு நூலைத் தருவதும் ஆசிரியரின் கடமை. ஏழாம் வகுப்புக்கு இது மிக முந்தியது என்று பள்ளி கருதினால் ஒன்பதாம் வகுப்புக்கு மாற்றிக்கொள்ளட்டும்; எனக்கு அதில் மறுப்பில்லை. எந்த வகுப்பில் கொடுத்தாலும் 23 அத்தியாயங்களையும் கொடுக்க வேண்டும்.

அத்தாயாருக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். தங்கள் மகன் அந்த அத்தியாயத்தை இதற்குள் படித்திருக்கக்கூடும். படித்திருந்தால் அவனிடமும் ஒரு கேள்வி இருக்கும். அதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். தாங்கள் விரும்பினால், தங்களோடும் மகனோடும் அமர்ந்து அந்தப் பக்கங்களைப் படிக்க நான் வருகிறேன். என் பேத்தி கோடிட்ட பிரதி எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. என் முகவரியை ஆசிரியர் அலுவலகத்துக்குத் தெரிவித்திருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்,
கும்பகோணம்.